இரண்டு ஒப்பம் தேடி ஷாஃப்ஹவுசன் வரை

வியாழக்கிழமை காலை ஒன்பதே கால். ஜெனீவா நிலையத்தின் மேடையில் நான் நின்ற கோலத்தைக் கண்டவர்கள், ஏதோ ஒரு சிறிய நாட்டின் தூதுவர் பேர்ணுக்குப் புறப்படுகிறார் என்று நினைத்திருக்கக் கூடும். கழுத்தில் டை, கையில் தோல் பை. பை என்னோடு அறையில் இருப்பவருடையது. டை எங்கள் உணவகத்தில் பரிமாறுகிறவன் சோஸ் பட்டதென்று கழற்றி எறிந்தது. கோட் மட்டும் என் சொந்தம், ஒரு தேவாலயத்தில் இலவசமாகத் தந்தார்கள். அதை எனக்கு முன் அணிந்தவர் என்னைவிட இரண்டு மடங்கு மனிதர். மிச்ச இடத்தை வாடகைக்கு விடலாமோ என்று குளிர் கூடிய நாட்களில் யோசித்திருக்கிறேன்.

இது 1986 பெப்ரவரியில் நடந்த பயணம். முதலாளி பனிச்சறுக்கப் போனதால் உணவகம் நான்கு நாள் பூட்டு. சட்டி கழுவுகிறவனுக்கு இரண்டு வருடத்தில் கிடைத்த முதல் நீண்ட விடுமுறை. ஜெனீவாவில் இருந்து ஷாஃப்ஹவுசனுக்குப் போகவர இரண்டாம் வகுப்புச் சீட்டு நூற்றுப் பன்னிரண்டு பிராங். ஏறக்குறைய முந்நூற்று முப்பது கிலோமீற்றர், நாட்டின் ஒரு மூலையில் இருந்து மற்ற மூலைக்கு. மலை பார்க்கவோ ஏரி பார்க்கவோ நான் போகவில்லை. ஒரு கடதாசியில் இரண்டு ஒப்பம் வாங்கப் போனேன்.

கடதாசியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் நெடுந்தீவான். ஊர்காவற்றுறையில் ஒரு நொத்தாரிசிடம் எட்டு வருடம் காணி உறுதிப் பத்திரம் எழுதும் கிளாக்கராக இருந்தவன். உறுதி எழுதிய கை இப்போது சட்டி தேய்க்கிறது. இரண்டிலும் சில கறை என்ன செய்தாலும் போகாது. போன வருடம், கடலில் வள்ளம் ஏறவே பயம் என்ற நிலை வந்தபிறகு, என் அக்கா பூமணி கணவனையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நெடுந்தீவை விட்டுப் புங்குடுதீவுக்கு வந்துவிட்டாள். இடையில் பத்துக் கிலோமீற்றர் கடல். புங்குடுதீவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு மண் ரோட்டோ கல் ரோட்டோ, நடந்தாவது ஓடலாம் என்பது அவளுடைய கணக்கு. அங்கே ஒரு வீட்டில் குடியிருக்கிறாள். வீட்டுக்குச் சொந்தக்காரர் அண்ணன் தம்பி இருவர், பாதிக்குப் பாதி. அண்ணன் தில்லையம்பலம் பேர்ணுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில். தம்பி குணம் ஷாஃப்ஹவுசனில். வீடு விலைக்கு வந்தது. வாங்குகிறவன் நான், அக்கா பெயரில். விலை ஒரு லட்சத்து இருபதினாயிரம் ரூபாய். பிராங்கில் சொன்னால் இரண்டு வருடச் சட்டி.

உறுதி எழுத முன்னர், 'இன்னாருக்கு விற்க இருவருக்கும் சம்மதம்' என்று இரு பங்காளிகளும் ஒரே கடதாசியில், ஒரே சாட்சிக்கு முன்னால் ஒப்பம் வைத்து அனுப்ப வேண்டும் என்று ஊரில் இருக்கும் என் பழைய நொத்தாரிசு எழுதியிருந்தார். தேசவழமை என்ற எங்கள் ஊர்ச் சட்டப்படி பங்காளிக்குத் தெரியாமல் காணி கைமாறக் கூடாது. சாட்சி நான். தபாலில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தோல் பைக்குள் அந்த ஒரு தாளும் அக்காவின் கடைசிக் கடிதமும் ஒரு வாழைப்பழமும் இருந்தன.

புதன்கிழமை குணத்துடன் தொலைபேசியில் கதைத்திருந்தேன். "கொண்டு வாங்கோ அண்ணை, வந்த உடன வைச்சு விடுறன்" என்றான். அண்ணன் தில்லையரும் "வாரும்" என்றார். இவ்வளவு சுலபமான அலுவல் என் வாழ்க்கையில் முன்பு வந்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

10.10. லோசானில் ஒரு மூதாட்டி ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார். மடியில் ஒரு சிறிய நாய், நாய்க்கும் கோட். அதன் கோட் அதற்கு அளவாக இருந்தது. புகையிரதம் திராட்சைத் தோட்டங்களின் மேலாக ஏற, கீழே ஏரி முழுவதும் தெரிந்தது. எங்கிருந்து வருகிறேன் என்று அவர் கேட்டார். என்னுடைய பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு, அதில் பாதி திட்டு. மற்றப் பாதியைப் பொறுக்கி எடுத்துப் பதில் சொன்னேன்.

"இலங்கை. தீவு" என்றேன்.

"அழகான தீவு" என்றார்.

"நான் அந்தத் தீவில் இல்லை, மதாம். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு. இப்போது அக்கா அதை விட்டு அடுத்த தீவுக்குப் போய்விட்டா. அங்கே வீடு வாங்குகிறோம்."

அவர் முகத்தில் பொறாமை எழுந்ததைக் கண்டேன். எங்களைப் பார்த்து ஒரு சுவிஸ்காரர் பொறாமைப்பட்ட ஒரே தருணம் அதுவாகத்தான் இருக்கும். அவர் ஜன்னலால் காட்டினார். இந்தச் சரிவில் ஏரி தெரியும் வீடு என்றால் ஒரு விலை, தெரியாவிட்டால் அதில் பாதி. "உங்கள் வீட்டில் இருந்து கடல் தெரியுமா?"

"தெரியாது, கடவுள் புண்ணியத்தில்" என்றேன்.

என் பிரெஞ்சில்தான் பிழை என்று நினைத்து அவர் அந்த வசனத்தைத் திருத்தித் தந்தார். நான் நன்றி சொன்னேன். எங்கள் பக்கத்தில் இப்போது கடல் தெரியாத வீட்டுக்குத்தான் விலை என்பதை எந்த மொழியில் விளக்குவது? கரைக்கு வரும் கடற்படைப் படகுக்கு எந்த வீடு தெரிகிறதோ அந்த வீட்டை எவனும் விலை கேட்க மாட்டான். கடலில் இருந்து ஒவ்வொரு வேலி உள்ளே தள்ளத் தள்ள விலை ஏறும். புங்குடுதீவான் சுவிசுக்கு வந்து உழைத்து யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்துக் கொக்குவிலில் வீடு தேடுகிறான். கொக்குவிலில் விற்றவன் கொழும்பு வெள்ளவத்தையில் தேடுகிறான். புங்குடுதீவான் விட்ட வீட்டுக்கு நெடுந்தீவான் வருகிறான். நெடுந்தீவான் விட்ட வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று அக்காவிடம் கேட்டேன். ஆடு என்று எழுதியிருந்தாள்.

மூதாட்டி ஃப்ரிபூரில் இறங்கினார். நாய் என்னைத் திரும்பிப் பார்த்தது.

11.25. பேர்ண். மேடையில் தபால் மூட்டை ஏற்றிய மஞ்சள் வண்டில்கள் வரிசையாகப் போயின. நான் ஒதுங்கி நின்று வழி விட்டேன். எனக்கென்ன அவசரம்?

ஓஸ்டர்முண்டிகன் பஸ்ஸில் பத்துப் பதினைந்து நிமிடம். நான்கு மாடிக் கட்டடங்கள், ஒரே நிறம், ஒரே பல்கணி. மூன்றாம் மாடியில் கறி தாளிக்கும் வாசம் இல்லாவிட்டால் இப்போதும் தேடிக்கொண்டிருப்பேன். தில்லையம்பலத்தாருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கும் வேலை, அன்று இரண்டு மணிக்குத் தொடங்கும் முறை. வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள், மற்ற நால்வரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"வாரும் நெடுந்தீவார். குதிரையை எங்க கட்டினனீர்?" என்றார். எங்கள் தீவில் குதிரை நிற்பதால் உலகம் முழுவதும் எங்களிடம் இதையே கேட்கிறது.

"கீழ, சைக்கிள் விடுற இடத்தில, அண்ணை. புல்லு இல்லை. பனியைத் தின்னுது."

"பாத்து. அகதிக் கார்ட் இல்லாத குதிரையெண்டு பொலிஸ் கொண்டு போயிடும்."

சோறும் மீன்குழம்பும் போட்டார். பெட்டியில் உறைந்த மீன், கடலைக் கண்டதாக அதற்கே ஞாபகம் இருக்காது. சாப்பிட்டுக்கொண்டே, சீதனத்துக்கு வாங்கப் பார்க்கும் கொக்குவில் வீட்டைப் பற்றிச் சொன்னார். ஊரில் மகளுக்குச் சம்பந்தம் பொருந்தியிருக்கிறது. மாப்பிள்ளை பகுதி ஆள் அனுப்பிச் சொன்னது ஒன்றுதான், தீவுக்குள் வீடு வேண்டாம்.

"நான் பிறந்த வீடு காணும். நாலறை, நல்ல கிணறு. அதைச் சீதனமாத் தாறன் எண்டா ஒருத்தரும் கையால தொடமாட்டன் எண்டினம். கொக்குவிலில ரண்டறை, ஓடு ஒழுகுது, அதுக்கு மூண்டு மடங்கு விலை. அதுவும் வீட்டுக்காரன் பங்குனி வரைக்கும்தான் பொறுப்பானாம்."

"அப்ப எங்களால உங்களுக்கு லாபம், அண்ணை. நாங்கள் ஓடி வராட்டி உங்கட வீட்டை ஆர் வாங்குவினம்?"

"அதுதான் நானும் நினைக்கிறன்" என்றார். சிரிக்கவில்லை. பிறகு கேட்டார், "கொக்கா வீட்டை எப்பிடி வைச்சிருக்கிறா?"

பையில் இருந்து அக்காவின் கடிதத்தை எடுத்து அந்தப் பகுதியை வாசித்தேன். எட்டு மாதமாகச் சுவரில் ஒரு ஆணி அடிக்கவில்லை. சாமிப் படங்கள் நிலத்தில் சாத்திக் கிடக்கின்றன. கடைக்குட்டி தவழ்ந்து போய்ப் பிள்ளையாரை நக்கிவிட்டு வருகிறான். 'ஆரின்ரையோ சுவர். உறுதி முடிஞ்ச உடன ஆணி அடிக்கலாமோ எண்டு எழுது.'

தில்லையர் மிச்சச் சோற்றைப் பிசைந்தார். "அடிக்கச் சொல்லும்" என்றார். "கடதாசியைக் கொண்டாரும்."

மணி ஒன்றே கால். மேசையைத் துடைத்து, கண்ணாடி போட்டு, ஒருமுறை வாசித்தார். எல்லைகளுக்கு வந்ததும் நிறுத்தி வடக்கு, கிழக்கு என்று விரலால் மேசையில் வளவைக் கீறிப் பார்த்தார். இரண்டாம் முறை வாசித்தார். பேனையைத் திறந்தார். மூன்றாம் முறை வாசிக்கத் தொடங்கினார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு இங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருப்பேன். ஆனால் என் வாய் பகிடி விடுவதற்கென்றே படைக்கப்பட்டது. உறுதி எழுதப் போன இடங்களில் இதே வாயால் அடி வாங்கப் பார்த்தவன் நான்.

"அண்ணை, வியாழக்கிழமை. ராகுகாலம் வரப் பதினைஞ்சு நிமிசம்தான் கிடக்கு. ராகு பஸ்ஸால இறங்கி வந்துகொண்டிருக்கிறார். கெதியா வையுங்கோ" என்றேன்.

அவர் பேனையை மூடினார்.

"நல்ல வேளை சொன்னீர்."

"அண்ணை, இன்னும் பதினைஞ்சு நிமிசம் கிடக்கு எண்டுதான் சொன்னனான்."

"அது ஊர்க் கணக்கு. இஞ்ச சூரியன் என்ன ஆறு மணிக்கே எழும்புறான்? ஏழரை ஆகுது. ராகு எப்ப துவங்குதெண்டு ஆருக்குத் தெரியும்."

"சூரியன் பிந்தினா ராகுவும் பிந்தத்தானே வேணும். இன்னும் நேரம் கூடத்தான் கிடக்கு."

"சந்தேகத்தோட காணி எழுதக் கூடாது. உம்மட நொத்தாரிசே சொல்லியிருப்பாரே."

சொல்லித்தான் இருக்கிறார். அதையே நானும் பத்துப் பேருக்கு முன்னால் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். ஒன்றரைக்குத் தில்லையர் வேலைக்கு வெளிக்கிட்டார். "விடிய வைச்சுத் தாறன். வெள்ளிக்கிழமை, நல்ல நாள். இஞ்ச படும்" என்று ஒரு மெத்தையைக் காட்டிவிட்டுப் போனார். குணத்துக்குத் தொலைபேசி எடுத்து நாளைக்கு வருகிறேன் என்றேன். "அதுக்கென்ன அண்ணை, ஸ்ரேசனில வந்து நிப்பன்" என்றான்.

அன்று பின்னேரம் முழுவதும் ஓஸ்டர்முண்டிகனைச் சுற்றிப் பார்த்தேன். பனி, ஒரு தபாற்கந்தோர், ஒரு கடை, மீண்டும் பனி. கடையில் தக்காளி கிலோ மூன்று பிராங் எண்பது. வேறு குறிப்பிடத்தக்க காட்சிகள் இல்லை.

வெள்ளி, காலை 6.40. தில்லையர் குளித்து, திருநீறு பூசி, கிழக்கு எது என்று ஜன்னலால் பார்த்து முடிவு செய்து, ஒப்பம் வைத்தார். எட்டு வருடத்தில் அப்படி ஒரு வடிவான ஒப்பத்தை நான் கண்டதில்லை. 'தி'யின் சுழி கோயில் மணி போல இருந்தது. கீழே சாட்சியாக நானும் வைத்தேன். அவருடைய ஒப்பத்துக்குப் பக்கத்தில் என்னுடையது பாதியில் விழுந்து எழும்பியதைப் போல இருந்தது. குணத்துக்கென்று விட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, "தம்பி இதில வைப்பான்" என்றார்.

பேர்ணில் இருந்து சூரிச் நூற்றிருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. சூரிச்சில் மாறப் பதினொரு நிமிடம் கிடைத்தது. ஷாஃப்ஹவுசன் பாதையில் ஒரு விசேடம் உண்டு, வழிகாட்டி நூல்களில் இதை எழுதுகிறார்களோ தெரியாது. அந்தப் புகையிரதம் சில நிமிடங்களுக்கு ஜெர்மனிக்குள்ளால் ஓடிவிட்டுத் திரும்பவும் சுவிசுக்குள் வருகிறது. அகதி அட்டையோடு எல்லை தாண்டக் கூடாது என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது, புகையிரதம் தாண்டுகிறது. நான் தோல் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஜெர்மனியைப் பார்க்காமல் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எதிரே இருந்த விவசாயி தன் வீட்டுக் கோழிக்கூட்டைக் கடப்பதைப் போலக் கொட்டாவி விட்டார். ஒரு கோடு எவனுக்கு முன்னால் விழுகிறது என்பதைப் பொறுத்ததுதான் அதன் நீளம் என்று அப்போது பட்டது. பெரிய தத்துவம் என்று நினைத்துக் கடதாசி ஓரத்தில் குறிக்கப் போனேன். நல்ல வேளை, அது வீட்டுக் கடதாசி என்று ஞாபகம் வந்தது.

ஷாஃப்ஹவுசனுக்கு முந்திய நிலையத்தின் பக்கத்தில்தான் றைன் நதி அருவியாக விழுகிறது. ஐரோப்பாவில் பெரியதாம், பார்க்க உலகமே வருகிறது. நான் பார்க்கவில்லை. அருவியை அறிய விரும்புகிறவர்கள் எண்பது ராப்பன் கொடுத்து ஒரு படஅட்டை வாங்கவும். நான் அப்படித்தான் அறிந்தேன்.

10.10. நிலையத்தில் நிற்பதாகச் சொன்ன குணத்தைக் காணவில்லை. பழைய நகரத்துக்குள் நடந்தேன். வீட்டுச் சுவர்களில் சித்திரம், மாடிகளில் வெளியே துருத்திய ஜன்னல் கூடுகள், எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. அவன் இருப்பது அப்படி ஒரு வீட்டின் உச்சியில், கூரைச் சரிவுக்குக் கீழே. ஐந்து மாடி ஏறி, கதவைத் தட்டுவதற்கு முன் மூச்சு வாங்க நின்றபோது, கதவு தானாகத் திறந்தது.

"நொத்தாரிசண்ணை, வாங்கோ. ஸ்ரேசனுக்கு வர ஏலாமப் போச்சு."

"அதுக்கென்ன. நான் ஜெர்மனி பாத்துக்கொண்டு வந்தனான்" என்றேன்.

சாதாரணமாக இந்த அளவுக்கே குணம் விழுந்து சிரிப்பான். முப்பது வயது, ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுச் சாலையில் வேலை, அங்கே கிழங்கு உரிக்கும் இயந்திரத்துக்குத் தன் முதலாளியின் பெயரை வைத்திருக்கிறான். இன்று கதிரையை இழுத்துத் தந்தான், அவ்வளவுதான். கூரை சரிந்து வருவதால் அந்தக் கதிரையில் இருப்பவர் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். குனிந்தபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். 10.25. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு. என் நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டேன். ஒரு மனிதன் ஒரு நாளில் இவ்வளவாவது படிக்க வேண்டும். பை திறந்து, கடதாசியை எடுத்து, அண்ணனின் ஒப்பத்துக்குக் கீழே உள்ள வெற்றிடம் அவன் பக்கம் வரும்படி மேசையில் விரித்தேன்.

மேசையில் ஏற்கனவே ஒரு கடிதம் விரிந்து கிடந்தது.

"இண்டைக்கு ஒரு ஒப்பம் வைச்சிட்டன், அண்ணை" என்றான் குணம். "ஒன்பதரைக்குத் தபால்காரன் வந்தவன். பதிவுத் தபால். ஒப்பம் வைச்சுத்தான் வாங்கோணும்."

"எங்க இருந்து?"

"பேர்ணில இருந்து. நெகட்டிவ்."

இந்த நாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இந்த ஒரு சொல் போதும். புகலிடம் இல்லை, வெளியேறு. முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா வாசித்து விளங்கப்படுத்தினாராம். அவர் அழுதுவிட்டாராம், இவன் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தானாம்.

நான் உறையைப் புரட்டிப் பார்த்தேன். பேர்ண் முத்திரை, வியாழக்கிழமைத் தேதி. நான் தில்லையர் வீட்டு மெத்தையில் படுத்திருந்த நேரத்தில் இது என்னைக் கடந்து போயிருக்கிறது. மேடையில் நான் மரியாதையாக ஒதுங்கி வழி விட்ட மஞ்சள் வண்டில்கள் ஞாபகம் வந்தன. அந்தக் கடிதம் அப்போது எந்தத் தபால் பெட்டியில் கிடந்ததோ தெரியாது. ஆனால் அன்றிரவே அதுவும் அப்படி ஒரு வண்டிலில்தான் ஏறியிருக்கும். சுவிஸ் தபாலுக்கு ராகுகாலம் கிடையாது.

"நேற்று வந்திருந்தியள் எண்டா வைச்சிருப்பன்" என்றான் குணம். "அதுக்குப் பிறகு இது வந்திருந்தா, சரி, தலைவிதி எண்டு இருந்திருப்பன். இப்ப வைக்கச் சொல்லாதேங்கோ. அனுப்பினாங்கள் எண்டா நான் எங்க போய் இறங்கிறது? எனக்கு அங்க கிடக்கிறது அந்த அரை வீடு ஒண்டுதான்."

எட்டு வருடத்தில் எத்தனையோ பங்காளிகளை மடக்கி ஒப்பம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதற்கென்று நாலைந்து வசனம் வைத்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது வேறொன்று, அதுவும் உருப்படியானதில்லை.

"கொண்ணை தன்ர பாதியை மட்டும் தரலாம். நீர் சம்மதிச்சா. உம்மட பாதி உமக்கு."

"பாதியெண்டா? கிணத்தில கோடு கீறி, வாளியையும் ரண்டா வெட்டிறதோ?"

அப்போதுதான் கொஞ்சம் சிரித்தான். நானும் சிரித்தேன், தலை கூரையில் இடித்தது.

பிறகு எழுந்து போய் றொட்டி சுட்டான். முட்டை பொரித்தான். பின்னேரம் மூன்று மணிக்கு அவனுக்கு வேலை. நெகட்டிவ் வந்த அன்றைக்கும் கிழங்கு உரிக்கத்தான் வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் நான் ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன். மேன்முறையீட்டுக்கு அவன் கதையை முதலில் தமிழில் ஒழுங்காக எழுதிக் கொடுத்தால், மொழிபெயர்க்கிறவருக்குச் சுகம். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்த மாதம் எந்தச் சந்தியில் பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எந்தக் கை. சிலவற்றைச் சொல்லும்போது அவன் ஜன்னலைப் பார்த்தான், நான் தாளைப் பார்த்தேன். நான்கு பக்கம் வந்தது. பழக்கதோஷத்தில் அவன் ஊரைக் குறிப்பிடும் இடத்தில் வடக்கு எல்லை, கிழக்கு எல்லை எல்லாம் எழுதிவிட்டேன். வெட்டப் போனேன்.

"விடுங்கோ அண்ணை. கிடக்கட்டும்" என்றான்.

எழுதி முடித்து வாசித்தபோது ஒன்று விளங்கியது. சுவிசில் இந்த மனிதன் இருக்க வேண்டும் என்று அவனைவிட அதிகமாக விரும்புகிறவன் இப்போது நான்தான். இவனை இருக்க விட்டால் வீடு அக்காவுக்கு. அனுப்பினால் வீட்டுக்கு இவன். நேற்றே ஒப்பம் விழுந்திருந்தால், போக்கிடம் இல்லாமல் திரும்பி வரும் ஒருவனின் வீட்டை, அந்தக் கடிதம் வருவதற்கு முதல் நாள் எழுதி வாங்கியவனாக நான் இருந்திருப்பேன். இரண்டில் எது எனக்கு நல்லது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. என் வாய் செய்தது பிழையா சரியா என்று அதற்கே தெரியாது.

கதவடியில் நின்று சொன்னான்: "கொக்காவை எழும்பச் சொல்லயில்லை, என்ன? இருக்கட்டும். நான் வந்தா எனக்கு நடு அறை. அது நான் படிச்ச அறை. மாரிக்கு அதின்ர கதவு இறுகும், தூக்கித் தள்ளச் சொல்லுங்கோ."

"சுவரில ஆணி அடிக்கலாமோ எண்டு கேக்கிறா" என்றேன்.

அவன் யோசித்தான். விளையாட்டாக இல்லை, உண்மையிலேயே அந்தச் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து யோசித்தான்.

1.15. நிலையத்தில் சில்லறை போட்டுத் தில்லையருக்குத் தொலைபேசி எடுத்தேன். வேலைக்கு வெளிக்கிடும் நேரம், முதல் மணியிலேயே எடுத்தார்.

"வைச்சிட்டானோ?"

சொன்னேன். நெகட்டிவ் என்ற சொல்லோடு ஒரு சில்லறை உள்ளே விழுந்தது.

"சாப்பிட்டவனோ?" என்று கேட்டார்.

"றொட்டி சுட்டு எனக்கும் தந்தவர்."

"ம். கொக்குவில்காரனுக்கு என்னெண்டு எழுதுறது?" அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார், "ராகுகாலமெண்டு நீர் சொல்லாட்டி எனக்கு நினைவே வந்திராது, தம்பி."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பகிடியாக ஏதாவது சொல்லித் தப்பலாம் என்று வாயைத் திறந்தேன். சில்லறை முடிந்து தொடர்பு அறுந்தது.

திரும்பும்போதும் ஜெர்மனி சில நிமிடம் வந்து போனது. இந்த முறை நிமிர்ந்து பார்த்தேன். வயல், பனி, ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டை. நெடுந்தீவில் இருந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்கு வள்ளத்தில் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தில் அக்கா மூன்று பிள்ளை, இரண்டு பெட்டி, ஒரு அம்மி எல்லாவற்றையும் கடத்திக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நான் கடலே இல்லாத நாட்டில் அலையில்லாத தண்டவாளத்தில் ஒரு தாளைக் கொண்டுபோய், போனபடியே திருப்பிக் கொண்டுவருகிறேன். ஒரு ஒப்பத்தோடு.

நிலையத்தில் வாங்கிய அருவிப் படஅட்டையை மடியில் வைத்து அக்காவுக்கு எழுதத் தொடங்கினேன். வழமையாக அவளுக்கு நான் எழுதும் கடிதத்தில் பாதி பகிடியாக இருக்கும். அட்டையில் இடம் குறைவு. ஜெனீவா வரையும் எழுதி, வெட்டி, கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:

'அக்கா, ஆணி அடி. நடு அறையில மட்டும் அடியாதை.'